நிர்வாகப் பக்கம் எங்கிருந்து திறக்கிறது? சேர்வர், ரவுட்டர், கமரா ஆகியவற்றின் டிஃபோல்ட் அமைப்புகளைச் சீராக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலை நகரத்து மருந்தகம் ஒன்றிலோ, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றிலோ பின்னறைக்குப் போனால் இன்றைக்கு என்னென்ன இருக்கும்? கணக்கு மென்பொருள் ஓடும் ஒரு சிறிய சேர்வர், சிசிடிவி பதிவுப்பெட்டி, மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர், கூரையில் இரண்டு மூன்று வைஃபை கருவிகள். சில இடங்களில் கோப்புகளைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டியும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிர்வாகப் பக்கம் உண்டு. அதற்குள் போகிறவர் கருவியை நிறுத்தலாம், உள்ளே இருப்பதை எடுக்கலாம், அழிக்கலாம், அங்கிருந்து அடுத்த கருவிக்கும் தாவலாம்.

பெட்டியைத் திறந்து வயரைக் குத்தியதும் கருவி வேலை செய்ய வேண்டும் என்பதே செய்தவர்களின் முதல் எண்ணம். அதனால் எல்லாப் பக்கமும் திறந்தபடி, எல்லோருக்கும் தெரிந்த பெயரோடும் கடவுச்சொல்லோடும் அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கருவி வங்கிக்குப் போகிறதா, வீட்டுக்குப் போகிறதா, கடவுச்சீட்டுப் பிரதிகளை வைத்திருக்கும் விடுதிக்குப் போகிறதா என்பது அவர்களுக்குத் தெரியாது. டிஃபோல்ட் என்பது தெரியாமல் எடுத்த அந்த முடிவுதான். அதை, இடம் தெரிந்த நாம்தான் மாற்றி எடுக்க வேண்டும்.

"முதலில பாஸ்வேர்டை மாத்துங்கோ" என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அது கட்டாயம் செய்ய வேண்டியது, ஆனால் இரண்டாவதாக. அந்தப் பக்கம் எங்கெங்கிருந்து திறக்கிறது என்று பார்த்து, தேவையில்லாத இடங்களிலிருந்து அதை எட்டவே முடியாமல் செய்வதுதான் முதல் வேலை. உள்நுழைவுப் பக்கத்திலேயே ஓட்டை இருந்தால் எவ்வளவு நீளமான கடவுச்சொல்லும் உதவாது என்பதால் இப்படிச் சொல்கிறேன். 2023 ஒக்டோபரில் சிஸ்கோ நிறுவனத்தின் ஐஓஎஸ் எக்ஸ்ஈ என்ற இயங்குதளத்தில் ஓடும் ரவுட்டர், ஸ்விட்ச் போன்ற கருவிகளில் நடந்தது அதுதான். இணைய நிர்வாகப் பக்கம் இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த கருவிகளில், கடவுச்சொல் எதுவும் தெரியாமலேயே தாக்குகிறவர்கள் தங்களுக்கு முழு அதிகாரக் கணக்கொன்றை உருவாக்கிக்கொண்டார்கள். பல்லாயிரம் கருவிகள் சிக்கின. பக்கத்தை வெளியே காட்டாமல் வைத்திருந்தவர்கள் ஆறுதலாகத் திருத்தத்தை நிறுவினார்கள். அதே ஆண்டு ஜூனில்தான் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, மத்திய அரச நிறுவனங்களுக்கு ஒரு கட்டாயப் பணிப்புரை விட்டிருந்தது: நிர்வாகப் பக்கம் ஒன்று இன்டர்நெட்டுக்குத் தெரிகிறது என்று கண்டால் 14 நாட்களுக்குள் அதை அகற்று, அல்லது தனிப் பாதுகாப்புக்குப் பின்னால் வை. கடவுச்சொல்லை மாற்றினால் போதும் என்று அதில் சொல்லப்படவில்லை.

தொடங்குமுன் ஒன்று. கீழே சொல்லும் சோதனைகளை உங்களுடைய கருவிகளிலும், உரிமையாளர் எழுத்தில் அனுமதி தந்த கருவிகளிலும் மட்டும் செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் அனுமதியில்லாமல் பிறருடைய கணினிக்குள் நுழைவது இலங்கையில் குற்றம். "சும்மா பார்த்தேன்" என்ற விளக்கம் எடுபடாது.

முதற்படி: என்னென்ன இருக்கின்றன என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியை எடுங்கள். கருவியின் பெயர், மொடல், உள்வலையமைப்பில் அதன் ஐபி (வலையமைப்பு முகவரி), நிர்வாகப் பக்கத்தின் போர்ட் எண் (அந்த முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் இலக்கம்), யாரிடம் கடவுச்சொல் இருக்கிறது, கடைசியாக எப்போது அப்டேட் செய்தது என்பவற்றை எழுதுங்கள். எந்தக் கருவிக்கு எந்த ஐபி கொடுத்தது என்று காட்டும் ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலைத் திறந்தால் பாதி விபரம் அதிலேயே கிடைக்கும்.

மறந்துபோகிறவை எப்போதும் ஒரே வகைதான். பிரிண்டர், யுபிஎஸ்ஸின் நெட்வேர்க் கார்ட், விரலடையாள வரவுப்பதிவுக் கருவி, சோலார் இன்வேர்ட்டரின் கண்காணிப்புப் பெட்டி, மொனிட்டர் இல்லாமல் மூலையில் ஓடும் பழைய கொம்பியூட்டர். சேர்வருக்கு உள்ளேயும் பாருங்கள். தரவுத்தளத்துக்கு பிஎச்பிமைஅட்மின், மெய்நிகர் கணினிகளுக்கு 8006 போர்ட்டில் ப்ரொக்ஸ்மொக்ஸ், சேர்வரைப் பராமரிக்க 10000 போர்ட்டில் வெப்மின், வரைபடங்களில் கண்காணிக்க 3000 போர்ட்டில் கிரஃபானா என்று ஒரே சேர்வரில் நாலைந்து நிர்வாகப் பக்கங்கள் இருப்பது சாதாரணம்.

பெரிய ரக சேர்வர்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மதர்போர்டிலேயே பிஎம்சி என்ற தனிச் சிறு கணினி பதிந்திருக்கும். டெல் நிறுவனம் அதை ஐட்ராக் என்கிறது, எச்பிஈ அதை ஐலோ என்கிறது. சேர்வர் அணைந்திருந்தாலும் கரண்ட் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதைப் பிடித்தவர் சேர்வரை அணைக்கலாம், வேறொரு இயங்குதளத்தை ஏற்றலாம், திரையில் தெரிவதை அப்படியே பார்க்கலாம். ஐட்ராக்கில் பல தலைமுறைகளாக "ரூட்", "கால்வின்" என்பதே வரும்போது இருந்த பெயரும் கடவுச்சொல்லும். சூப்பர்மைக்ரோ நிறுவனத்தின் சேர்வர்களில் 2020 வரைக்கும் இரண்டுமே "அட்மின்", அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். சூப்பர்மைக்ரோ பலகைகளில் இன்னொன்று: பிஎம்சிக்கென்று உள்ள தனிப் போர்ட்டில் வயர் குத்தாவிட்டால், டிஃபோல்ட் நிலையில் அது சேர்வரின் சாதாரண நெட்வேர்க் போர்ட்டுக்குத் தாவிக்கொள்ளும். "நாங்கள் அந்தப் போர்ட்டைப் பாவிப்பதே இல்லை" என்று சொல்கிற இடங்களில்தான் அது எல்லோருக்கும் எட்டும்படி இருக்கும். பாவிக்காவிட்டாலும் அமைப்புக்குள் போய், தனிப் போர்ட்டில் மட்டும் இயங்கும்படி மாற்றிவிடுங்கள்.

இரண்டாம் படி: உள்ளிருந்து பாருங்கள்

லினக்ஸ் சேர்வரில் எஸ்எஸ் என்ற இரண்டெழுத்துக் கட்டளை, எந்த நிரல் எந்தப் போர்ட்டில் காத்திருக்கிறது என்று காட்டும். ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கோடு ஓட்டினால் நிரலின் பெயரும் வரும். விண்டோஸில் நெட்ஸ்டாட் அதே வேலையைச் செய்யும். வரும் வரிகளில் போர்ட் எண்ணுக்கு முன்னால் உள்ள முகவரிதான் முக்கியம்.

127.0.0.1 என்றிருந்தால் அந்த நிரல் அதே சேர்வருக்குள் இருந்து வரும் அழைப்பை மட்டும் ஏற்கும். 192.168 என்று தொடங்கினால் உள்வலையமைப்பு. 0.0.0.0 என்றோ இரண்டு முக்காற்புள்ளிகளாகவோ இருந்தால், சேர்வருக்கு எத்தனை வழிகள் உண்டோ அத்தனை வழியாலும் வருகிறவர்களுக்கு அது பதில் சொல்லும். நிர்வாகப் பக்கம் ஒன்று இப்படி நிற்பதைக் கண்டால் கொப்பியில் அதற்குச் சிவப்புக் கோடு போடுங்கள்.

இந்த ஒற்றை முகவரியால் உலகம் பட்ட பாடு கொஞ்சமல்ல. மொங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருளின் பழைய பதிப்புகள் பல, எல்லா முகவரிகளிலும் காத்திருக்கும்படியும் கடவுச்சொல் கேட்காதபடியும் நிறுவப்பட்டன. 2016 இறுதியிலும் 2017 ஜனவரியிலும் ஆயிரக்கணக்கான தரவுத்தளங்களை அழித்துவிட்டு, அதே இடத்தில் பிட்கொய்ன் கேட்டுக் குறிப்பு எழுதி வைத்தார்கள். பணம் கட்டியவர்களிலும் பலருக்குத் தரவு திரும்பவில்லை, ஏனென்றால் எடுத்து வைக்காமலே அழித்திருந்தார்கள். 2017 இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்துதான் எல்லா நிறுவல்களிலும் 127.0.0.1 என்ற உள்முகவரியே டிஃபோல்ட் ஆனது. ரெடிஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் 2016இல் வந்த 3.2 பதிப்பில், கடவுச்சொல் இல்லாதபோது வெளி அழைப்புகளை மறுக்கும் பாதுகாப்புப் பயன்முறையைச் சேர்த்தது. தேடலுக்கான தரவுத்தளமான எலாஸ்டிக்சேர்ச் 2022இல் வந்த 8.0 பதிப்பில்தான் கடவுச்சொல்லையும் மறையாக்கத்தையும் தானாகவே இயக்கத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்னர், 2020 ஜூலையில், திறந்து கிடந்த எலாஸ்டிக்சேர்ச், மொங்கோடிபி தரவுத்தளங்களை யாரோ தானியங்கி நிரலால் அழித்து "மியாவ்" என்ற சொல்லை மட்டும் விட்டுப்போனார்கள். பணம்கூடக் கேட்கவில்லை.

மென்பொருள்கள் திருந்திவிட்டன என்று நிம்மதியாக இருக்க முடியாது. பல வருடம் முன்னர் நிறுவியதன் அமைப்புக் கோப்பு, பதிப்பை உயர்த்தும்போதும் பழையபடியே தொடரும். "ரிமோட்டில் இருந்து இணையவில்லை" என்ற பிரச்சினைக்கு இணையத்தில் கிடைக்கும் தீர்வுகளில் பாதி, 127.0.0.1 என்பதை 0.0.0.0 ஆக மாற்றச் சொல்கின்றன. அந்தத் தீர்வு வேலை செய்யும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது.

மூன்றாம் படி: வெளியிலிருந்து பாருங்கள்

உள்ளிருந்து பார்த்தது பாதிதான். ஃபோனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறி, அலுவலகத்தின் வெளி ஐபி முகவரியை பிரவுசரில் அடியுங்கள். ரவுட்டரின் உள்நுழைவுப் பக்கமோ கமராப் பதிவுப்பெட்டியின் பக்கமோ வந்தால், உலகில் யாருக்கும் அது வரும். பிறகு வேறொரு இணைப்பிலிருந்து என்மேப் கருவியால் முழுமையாகப் பாருங்கள். என்மேப் தானாகப் பார்ப்பது அதிகம் பாவனையில் உள்ள 1000 போர்ட்டுகளை மட்டும். 1இலிருந்து 65535 வரை எல்லாவற்றையும் பார்க்கும்படி சொல்லுங்கள், ஏனென்றால் "யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்" என்று 54321 போன்ற எண்ணுக்கு மாற்றி வைத்த கமராக்கள் அங்கேதான் அகப்படும். ஷோடான் தேடுபொறியிலும் உங்கள் ஐபியைப் போட்டுப் பாருங்கள். இன்டர்நெட் முழுவதையும் ஓயாமல் தட்டிப் பார்த்து, பதில் சொல்லும் கருவிகளைப் பட்டியலிடுவதே அதன் வேலை.

இங்கே நம்மவர்கள் இடறுகிற இடங்கள் மூன்று.

ஒன்று, யுபிஎன்பி. கமராப் பெட்டி தானாகவே ரவுட்டரிடம் சொல்லி வெளிப் போர்ட் ஒன்றைத் திறந்துகொள்ளும் வசதி இது. வெளிப் போர்ட்டை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபோர்வேர்டிங்கை நீங்கள் செய்திருக்கவே மாட்டீர்கள், ஆனால் பக்கம் வெளியே தெரியும். ரவுட்டரிலும் பதிவுப்பெட்டியிலும் இரண்டு இடத்திலும் அணையுங்கள்.

இரண்டு, பகிர்ந்த ஐபி. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால், சேவை வழங்குநர் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறார் என்று அர்த்தம். வெளியிலிருந்து நேரே வர முடியாது. அது நல்லதுதான், ஆனால் அதை நம்பி எதையும் திறந்து வைக்காதீர்கள். நாளைக்கு விடுதி உரிமையாளர் கமரா பார்ப்பதற்கென்று நிலையான ஐபி வாங்கினால், உங்களுக்குச் சொல்லாமலே எல்லாம் வெளியே வந்துவிடும்.

மூன்று, ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கலாம். ரவுட்டரில் பழைய முறையான ஐபிவி4க்கு மட்டும் ஃபயர்வோல் (வரும் அழைப்புகளை மறிக்கும் விதிகள்) எழுதி, ஐபிவி6ஐ அப்படியே விட்டிருக்கும் இடங்கள் உண்டு. இரண்டிலும் தனித்தனியே சோதியுங்கள்.

நான்காம் படி: எட்ட முடியாமல் செய்யுங்கள்

இந்த வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

தொடக்கம் எளிது: பாவிக்காததை நிறுத்துங்கள். மைக்ரோடிக் ரவுட்டரில் டெல்நெட், எஃப்டிபி, இணையப் பக்கம், ஏபிஐ, எஸ்எஸ்எச், வின்பொக்ஸ் எல்லாம் வரும்போதே இயங்கிக்கொண்டிருக்கும். இவை ரவுட்டருக்குள் போகும் வெவ்வேறு வழிகள். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் மைக்ரோடிக்கின் சொந்த நிர்வாக நிரலான வின்பொக்ஸும், மறையாக்கிய கட்டளை இணைப்பான எஸ்எஸ்எச்சும் மட்டுமே. மற்றவற்றை அணைத்து, இந்த இரண்டுக்கும் அனுமதிக்கப்பட்ட முகவரிகளாக உங்கள் நிர்வாகக் கொம்பியூட்டரின் வலையமைப்பை மட்டும் குறிப்பிடுங்கள். 2018இல் வின்பொக்ஸின் 8291 போர்ட்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையால் உள்நுழையாமலேயே கடவுச்சொற்களை எடுக்க முடிந்தது. திருத்தம் அந்த ஏப்ரலிலேயே வந்தும், வருடக்கணக்காக அதைக் கொண்டு ரவுட்டர்களைப் பிடித்தார்கள். அந்தப் போர்ட் வெளியே மூடியிருந்தவர்களுக்கு அது வெறும் செய்தி.

டிஃபோல்ட் எல்லாமே கெட்டது என்று நினைத்துவிடவும் கூடாது. வீட்டு, சிறு அலுவலக மைக்ரோடிக் ரவுட்டர்களோடு வரும் ஃபயர்வோல் விதிகள் வெளியிலிருந்து வரும் நிர்வாக அழைப்புகளை மறிக்கின்றன. சிலர் "நான் முதலில இருந்து எழுதுறன்" என்று அந்த அமைப்பை முழுதாக அழித்துவிட்டு, இணைப்பு வந்ததும் வேலையை முடித்துவிடுகிறார்கள். ஃபயர்வோல் திரும்ப எழுதப்படுவதில்லை. எழுதத் தெரியாவிட்டால் அழிக்க வேண்டாம்.

சேர்வரில் ஓடும் நிர்வாக மென்பொருளுக்கு, அமைப்புக் கோப்பில் காத்திருக்கும் முகவரியை 127.0.0.1 ஆக்குங்கள். பிறகு வெளியிலிருந்து எப்படிப் போவது? இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, எஸ்எஸ்எச் டனல். உங்கள் மடிக்கணினியின் ஒரு போர்ட்டை எஸ்எஸ்எச் வழியாகச் சேர்வரின் உள்ளே உள்ள போர்ட்டோடு இணைத்துவிட்டு, பிரவுசரில் உங்கள் மடிக்கணினியையே திறக்கிறீர்கள். ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளும் சேர்வருக்கு இதுவே போதும். மற்றது, விபிஎன்: வெளியில் இருப்பவரை மறையாக்கிய வழியால் உள்வலையமைப்புக்குள் கொண்டுவரும் இணைப்பு. வயர்கார்ட் என்ற விபிஎன்னை அமைப்பது அவ்வளவு கடினமல்ல, மைக்ரோடிக்கின் ரவுட்டர்ஓஎஸ் 7இலிருந்து ரவுட்டரிலேயே அது உண்டு. உரிமையாளர் கொழும்பிலிருந்தோ கனடாவிலிருந்தோ கமரா பார்க்க விரும்பினால், அவருடைய ஃபோனில் வயர்கார்ட் போட்டுக்கொடுங்கள். ஒரு பொத்தானை அமத்துவது கூடுதல் வேலைதான், ஆனால் பதிவுப்பெட்டியை இன்டர்நெட்டுக்கு நேரே திறப்பதை நான் எந்த வாடிக்கையாளருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 2021இல் ஹிக்விஷன் கருவிகளில் வெளிவந்த ஓட்டை, கடவுச்சொல் இல்லாமலேயே கருவியில் கட்டளைகளை ஓடவைத்தது.

விண்டோஸ் சேர்வரின் ரிமோட் டெஸ்க்டொப்புக்கும் இதே விதி. அதன் 3389 போர்ட்டை ரவுட்டரில் திறந்துவிடுவது வேண்டாம், விபிஎன்னுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள்களைக் கொண்டெய்னர் என்ற தனிப் பொதிகளாக ஓட்டும் டொக்கரைப் பாவிக்கிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை வாசியுங்கள். உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வோலை இயக்கி, எஸ்எஸ்எச் தவிர மற்ற எல்லாம் மறிக்கப்பட்டதாக அது காட்டினாலும், டொக்கரில் 8080:80 என்று வெளியிட்ட கொண்டெய்னர் வெளியே திறந்தே இருக்கும். டொக்கர் தன் விதிகளை லினக்ஸின் அடிப்படை ஃபயர்வோலான ஐபிடேபிள்ஸில் நேரே எழுதுகிறது, யுஎஃப்டபிள்யூவின் விதிகள் அந்தப் போக்குவரத்தைப் பார்ப்பதே இல்லை. பொறுப்போடு ஃபயர்வோல் போட்டவர்களே இதில் அகப்படுகிறார்கள். தீர்வு, வெளியிடும்போதே 127.0.0.1:8080:80 என்று முகவரியைச் சேர்த்து எழுதுவது. வெளியே தெரியவேண்டிய இணையதளத்தை மட்டும் என்ஜின்எக்ஸ் போன்ற ஒரு இணையச் சேர்வர் நிரலின் வழியாக விடுங்கள். டொக்கரின் சொந்த நிர்வாக ஏபிஐயை 2375 போர்ட்டில் ஒருபோதும் திறக்காதீர்கள். அது கடவுச்சொல் கேட்காது, அதைத் தொட்டவர் சேர்வரின் ரூட் ஆகிவிடுவார்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2018 பெப்ரவரியில் டெஸ்லாவில் கொண்டெய்னர்களை ஆளும் குபர்நெட்டிஸின் நிர்வாகப் பலகை கடவுச்சொல்லே இல்லாமல் திறந்திருந்ததை ரெட்லொக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. உள்ளே புகுந்தவர்கள் கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

வலையமைப்பைப் பிரிப்பதையும் விட்டுவிடாதீர்கள். விருந்தினர் வைஃபையில் இருப்பவர் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தையோ சேர்வரையோ எட்டக்கூடாது. விருந்தினர், கமரா, அலுவலகம் என்று மூன்று விலேன் (ஒரே கருவிகளில் பிரித்தெடுத்த தனி வலையமைப்பு) போட்டு, கமரா விலேனுக்கு இன்டர்நெட்டே கொடுக்காமல் விட்டால் பாதிப் பயம் போய்விடும். பிஎம்சியும் அப்படித்தான். பிஎம்சியோடு பேசப் பாவிக்கும் ஐபிஎம்ஐ 2.0 என்ற நெறியின் உள்நுழைவு முறையே, சரியான பயனர் பெயரைச் சொல்பவருக்கு, கடவுச்சொல்லை ஊகித்துச் சரிபார்க்க உதவும் அதன் ஹேஷைக் கொடுத்துவிடுகிறது. அது அந்த முறையின் வடிவமைப்பிலேயே உள்ள குறை என்பதால் அப்டேட்டால் தீராது. பூட்டி வைத்த தனி வலையமைப்புத்தான் ஒரே வழி.

ஐந்தாம் படி: கடவுச்சொற்களும் முதல் கணக்கும்

2016இல் மிராய் என்ற தீநிரல் கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடிக்கப் பாவித்தது ஒரு பட்டியலை மட்டும்தான்: தயாரிப்பாளர்கள் வைத்த பெயர், கடவுச்சொல் சோடிகள் 60க்குச் சற்று மேல். அந்தக் கருவிப் படையால் 2016 ஒக்டோபர் 21இல் தளப் பெயர்களை ஐபி முகவரிகளாக்கும் டிஎன்எஸ் சேவையைத் தந்த டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை பலருக்குத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு சட்டங்கள் வந்தன. கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 1 முதலும், ஐக்கிய இராச்சியத்தில் 2024 ஏப்ரல் 29 முதலும் எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பதற்குத் தடை. அந்தச் சட்டங்களால் நமக்கும் நன்மை உண்டு, புதிய கருவிகள் பலவற்றில் இப்போது ஸ்டிக்கரில் தனிக் கடவுச்சொல் வருகிறது. அந்த ஸ்டிக்கரை விருந்தினர் படமெடுக்கக்கூடிய இடத்தில் விடாதீர்கள்.

கருவிக்கொரு கடவுச்சொல், நீளமாக, கீபாஸ் போன்ற ஒரு பெட்டகத்தில். ஃபோனில் வரும் குறியீடு போன்ற இரண்டாம் காரணி இருக்கும் இடத்தில் அதையும் இயக்குங்கள். விடுதியின் பெயரும் வருடமும் சேர்த்து எல்லாக் கருவிக்கும் ஒன்றே வைப்பது, மாற்றாமல் விடுவதிலும் பெரிய முன்னேற்றமில்லை. எக்ஸாம்ப் என்ற பொதியை நிறுவியவர்கள் அதிலுள்ள மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் ரூட் கணக்குக் கடவுச்சொல்லே இல்லாமல் இருப்பதைக் கட்டாயம் பாருங்கள். அது பயிற்சிக்காகச் செய்யப்பட்ட பொதி, கடைக் கணக்கை அதில் ஓட விடவே கூடாது. கிரஃபானா முதல் உள்நுழைவில் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லும், ஆனால் தவிர்த்துவிட்டுப் போகவும் விடும். தவிர்க்காதீர்கள். எஸ்எஸ்எச்சில் சாவிக்கோப்பை அமைத்துச் சோதித்தபின் கடவுச்சொல் நுழைவை அணையுங்கள்.

பலருக்குத் தோன்றாத ஆபத்து, முதல் கணக்கு உருவாகும்வரை உள்ள இடைவெளி. வேர்ட்பிரஸ் போன்ற பல மென்பொருள்களில், நிறுவியபின் முதலில் பக்கத்தைத் திறப்பவரே நிர்வாகி. கோப்புகளை ஏற்றிவிட்டு "பின்னேரம் வந்து முடிப்பம்" என்று விட்டால், அதற்குள் வேறொருவர் நிர்வாகியாகலாம். தளத்துக்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் எடுத்த உடனேயே அதன் பெயர் எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. புதிய பெயர்களை அங்கே காத்திருந்து பார்த்துத் தட்டும் நிரல்கள் உண்டு. மென்பொருள் உருவாக்கும் வேலைகளைத் தானியங்கியாக்கும் ஜென்கின்ஸ் 2016இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து, சேர்வருக்குள் உள்ள கோப்பிலிருந்து ஒரு கடவுச்சொல்லை எடுத்து இட்டால்தான் அமைக்க விடுகிறது. அந்த வசதி இல்லாதவற்றை, நிறுவி முடியும்வரை உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள்.

கடவுச்சொல்லுக்கு அப்பாலும் டிஃபோல்ட் உண்டு. கருவிகளைக் கண்காணிக்கும் எஸ்என்எம்பி முறையில் கடவுச்சொல்லாக நிற்கும் "பப்ளிக்", "பிரைவேட்" என்ற சொற்கள், டொம்கட் என்ற இணையச் சேர்வரோடு வரும் மாதிரிப் பக்கங்கள், லாரவெல், ஜாங்கோ ஆகியவற்றில் எழுதிய தளங்களில் உள்விபரங்களைக் காட்டும் டிபக் நிலை, யாரும் தாமாகப் பதிவுசெய்யலாம் என்ற தெரிவு ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணையுங்கள். மென்பொருள் உள்ளுக்குப் பாவிக்கும் இரகசியச் சாவியையும் பாருங்கள். தரவை வரைபடமாகக் காட்டும் அப்பாச்சி சூப்பர்செட்டில் மாதிரிச் சாவியை மாற்றாமல் விட்டவர்களின் தளங்களில், உள்நுழைந்தவர் யார் என்று காட்டும் குக்கியை அந்தச் சாவியால் நிர்வாகியின் பெயரில் தாமே செய்து நுழையலாம் என்று 2023இல் வெளிவந்தது. நல்ல கடவுச்சொல் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான்.

ஆறாம் படி: அப்டேட்

சுருக்கமாகச் சொல்கிறேன். தானாக அப்டேட் ஆகக்கூடியதைத் தானாக ஆக விடுங்கள், மற்றவற்றுக்கு மாதத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். வெப்மினின் 1.890 பதிப்பில் யாரோ ஒளித்து வைத்த பின்வாசல் இருந்தது 2019 ஓகஸ்டில்தான் வெளிப்பட்டது. அந்தப் பதிப்பை அமைப்பு எதையும் மாற்றாமல் நிறுவியவர்களின் சேர்வர், உள்நுழையாமலேயே பிடிபடக்கூடியதாக இருந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட கருவியை விபிஎன்னுக்குப் பின்னால் வைத்து ஒரு காலத்துக்குச் சமாளிக்கலாம், ஆனால் மாற்றுவதற்குக் காசு ஒதுக்கச் சொல்லி உரிமையாளரிடம் இப்போதே கதையுங்கள்.

ஏழாம் படி: திரும்ப வரும் டிஃபோல்ட்

எல்லாம் சரிசெய்தபின்னும் டிஃபோல்ட் திரும்பி வரும். நம் கரையில் அதற்குக் காரணங்கள் அதிகம். கடற்கரையோர உப்புக்காற்றில் வெளியே பொருத்திய கமராவும் வைஃபை கருவியும் சீக்கிரம் பழுதாகும். மாற்றிப் பொருத்தும் புதியதில் நீங்கள் செய்த எதுவும் இருக்காது. இணைப்பு வராதபோது யாரோ ஒருவர் ஊசியால் ரீசெட் பொத்தானை அமத்திவிடுவார், ரவுட்டர் முதல் நாளுக்குத் திரும்பிவிடும். ஆகவே ஒவ்வொரு கருவியின் அமைப்பையும் கோப்பாக எடுத்து, மறையாக்கி, வேறிடத்தில் வையுங்கள். மைக்ரோடிக்கில் ஏற்றுமதி செய்த எழுத்துக் கோப்பு ஒன்றே அரைமணி நேரத்தில் பழைய நிலைக்குக் கொண்டுவரும். பொத்தானை அமத்தினால் யாருக்கு அழைக்க வேண்டும் என்று ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் சீசன் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. ஒக்டோபரில் பணியாளர்கள் பிரிந்து போவார்கள், மாரி முழுக்கக் கருவிகள் பார்ப்பாரில்லாமல் ஓடும், அடுத்த சீசனுக்குப் புதியவர்கள் வருவார்கள். எல்லோரும் பொதுவான ஒரு அட்மின் கணக்கைப் பாவித்தால், போனவர் கையிலும் சாவி இருக்கிறது. ஆளுக்கொரு கணக்குக் கொடுங்கள், விலகும் நாளிலேயே அதை முடக்குங்கள். ரிசெப்ஷனில் இருப்பவருக்கு கமரா பார்க்கும் உரிமை போதும், நிர்வாக உரிமை வேண்டாம். எனிடெஸ்க், டீம்வியூவர் ஆகியவற்றில் ஆள் இல்லாமலே இணையும் கடவுச்சொல் வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். சீசன் தொடங்குமுன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள்.

ஏற்கெனவே புகுந்துவிட்டார்களோ என்ற சந்தேகம் வந்தால்

நீங்கள் உருவாக்காத கணக்கு, நீங்கள் எழுதாத, குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை, காரணமில்லாமல் முழுவேகத்தில் ஓடும் சிபியு, ரவுட்டரில் தெரியாத டிஎன்எஸ் முகவரி அல்லது போர்ட் ஃபோர்வேர்டிங் ஆகியவை அடையாளங்கள். அணைக்க வேண்டாம், நெட்வேர்க் வயரைக் கழற்றுங்கள். அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். பதிவுகளைப் பிரதி எடுங்கள். கடவுச்சொற்களைச் சுத்தமான வேறொரு கொம்பியூட்டரிலிருந்து மாற்றுங்கள், சந்தேகத்துக்குரிய சேர்வரில் இருந்துகொண்டு மாற்றினால் புதியதும் போகும். ரவுட்டர், கமரா என்றால் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்து, இன்டர்நெட்டில் குத்துமுன்னரே அப்டேட் கோப்பை ஏற்றி, நான்காம் படியை முடித்துவிட்டுப் பொருத்துங்கள். சேர்வரைத் துப்புரவாக்கப் பார்ப்பதை விட, புதிதாக நிறுவித் தரவை மட்டும் நல்ல பிரதியிலிருந்து எடுப்பதே உறுதியானது. அதற்கு இணைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி ஒன்று இருக்க வேண்டும். 2023இல் இலங்கை அரச முகிற் சேவை கப்பநிரல் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே மாதத்திலிருந்து ஓகஸ்ட் வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்காமல் போனது அந்தக் காலப்பகுதிக்குப் பிரதி இல்லாததால்தான்.

சம்பவத்தை, நாட்டின் சைபர் சம்பவங்களைக் கையாளும் அரச அமைப்பான ஸ்ரீ லங்கா செர்ட்டுக்கு அறிவியுங்கள். தொழில்நுட்ப ஆலோசனையும் கிடைக்கும். விருந்தினரின் கடவுச்சீட்டுப் பிரதியோ நோயாளியின் விபரமோ போயிருக்கலாம் என்றால், உரிமையாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்தத் தரவைக் காக்கும் பொறுப்பைச் சேகரித்தவர் மீதே வைக்கிறது. என்ன நடந்தது, எப்போது தெரிந்தது, என்ன செய்தீர்கள் என்பதை நேரத்தோடு அதே கொப்பியில் எழுதி, உரிமையாளரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்.